காது பழகிய பிறகு என்ன? ஆன் ஆர்பர் ‘கறுப்பின ஆங்கில’ வழக்கும் 20 மணி நேரப் பயிற்சியும்

ஆசிரியர் பயிற்சி என்றாலே ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர், மதியச் சாப்பாடு, கையெழுத்துப் போட ஒரு தாள் என்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஒரு நீதிபதி உத்தரவு போட்டு, அதற்காகவே திட்டம் எழுதி வாங்கி நடந்த பயிற்சி அபூர்வம். 1979இல் அமெரிக்காவில் அப்படி ஒன்று நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களை எப்படித் தயார்ப்படுத்துவது என்று அங்கே இன்றும் பேசுகிறவர்கள் இந்த வழக்கைத் தொடாமல் போவதில்லை. வெற்றிக் கதையாகச் சிலர் சொல்கிறார்கள், தோல்வி என்று சிலர். எனக்கு அது பாதி வழியில் நின்றுபோன வேலையாகப் படுகிறது. எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

ஊர், மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர். பெரிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், படித்தவர்களும் வசதியானவர்களும் நிறைந்த ஊர். அங்கே கிரீன் ரோடு பகுதியில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கிருந்த பிள்ளைகள் போன தொடக்கப் பள்ளியின் பெயர் மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் பள்ளி. பெயர் அப்படி இருந்தாலும் மாணவர்களில் சுமார் 80 சதவீதம் வெள்ளையர். கறுப்பினப் பிள்ளைகள் 13 சதவீதம். மீதி ஆசிய, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள்.

1977 ஜூலையில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த தாய்மார்கள் சிலர், 15 பிள்ளைகள் சார்பில் பள்ளி வாரியத்தின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். விசாரணை வந்தபோது 11 பிள்ளைகள் மிஞ்சியிருந்தார்கள். புகார் என்னவென்றால், பள்ளி இவர்களைப் படிக்க வைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை குத்திவிட்டது. ஒருவருக்குக் கற்றல் குறைபாடு, இன்னொருவருக்கு உணர்ச்சிக் குறைபாடு. சிலரை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தார்கள், சிலரைப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். வயதுக்கேற்ற வாசிப்பு மட்டும் வரவில்லை.

இந்த முத்திரை எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னால் போதும். பிள்ளையின் காது ஒலிகளைப் பிரித்தறிகிறதா என்று பார்க்க அப்போது பள்ளிகளில் வெப்மன் சோதனை என்று ஒன்று வைத்திருந்தார்கள். இரண்டு சொற்களைச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றா வேறா என்று பிள்ளை சொல்ல வேண்டும். ‘பின்’, ‘பென்’ என்ற ஜோடி அதில் வரும். கறுப்பின ஆங்கிலத்தில், அதாவது கறுப்பின அமெரிக்கர் பலர் வீட்டில் பேசும் ஆங்கிலத்தில், இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். ‘ஒன்றுதான்’ என்று சொல்லும் பிள்ளை தன் வீட்டு மொழிப்படி சரியான விடை சொல்கிறது. தாளில் ஒரு தவறு விழுகிறது. அப்படி நாலைந்து விழுந்தால் காதில் கோளாறு. இதைச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் டெட்ராய்ட்டின் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த மொழியியல் அறிஞர் ஜெனீவா ஸ்மிதர்மன். தாய்மார்கள் தரப்புக்கு முதன்மை ஆலோசகராக இருந்தவர் அவர்தான்.

சட்டம் விட்டுவைத்த ஒரே ஜன்னல்

தாய்மார்களின் குறை பரந்தது. நாங்கள் ஏழைகள், கறுப்பினத்தவர், எங்கள் வாழ்க்கைச் சூழல் வேறு, அதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் முறையீடு. நீதிபதி சார்லஸ் ஜாய்னர் இதில் பெரும்பகுதியை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்தார். வறுமையால் வரும் பின்னடைவைப் பள்ளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். 1974ஆம் ஆண்டின் சம கல்வி வாய்ப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: மாணவர்கள் சமமாகப் பங்கேற்பதைத் தடுக்கும் மொழித் தடைகளைக் களையத் தகுந்த நடவடிக்கை எடுக்காமல் இருப்பது சம வாய்ப்பை மறுப்பதாகும். வீட்டில் சீனமோ ஸ்பானியமோ பேசும் பிள்ளைகளுக்காக எழுதியது என்றுதான் எல்லோரும் அதை நினைத்திருந்தார்கள். ஆங்கிலத்தின் ஒரு பேச்சு வழக்கு இதில் அடங்காது என்று சட்டத்தின் சொற்களில் எங்கும் இல்லை என்று ஜாய்னர் கருதினார். வழக்கு பிழைத்தது.

பிழைத்தது சரி, ஆனால் சுருங்கியும் போனது. ஏழைத் தாய்மார்களின் பெரிய வழக்கு ஒரு மொழி வழக்காகிவிட்டது. பின்னால் வந்த பயிற்சியின் அளவும் இந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்பேன்.

1979 கோடையில் ஏறக்குறைய நான்கு வாரம் விசாரணை. கென்னத் லூயிஸும் கேப் கைமோவிட்ஸும் தாய்மார்களின் வழக்கறிஞர்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் பல ஆண்டு ஆய்வு செய்த வில்லியம் லபோவ், ஜே. எல். டில்லர்ட், ரிச்சர்ட் பெய்லி என்று மொழி அறிஞர்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். பள்ளி வாரியம் தன் தரப்பில் ஒரு மொழியியல் நிபுணரையும் நிறுத்தவில்லை. அதனாலோ என்னவோ, தீர்ப்பின் சில பக்கங்கள் மொழியியல் பாடம் போலவே இருக்கின்றன. கறுப்பின ஆங்கிலத்தின் 12 இயல்புகளை நீதிபதி வரிசைப்படுத்தியிருக்கிறார்.

இரண்டை மட்டும் பார்க்கலாம். ‘ஹீ ஈஸ் டயர்ட்’ என்பதை ‘ஹீ டயர்ட்’ என்பார்கள். நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. ‘அவர் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் நாம். அதைக் கொச்சை என்று யாரும் சொல்வதில்லை. அதோடு, இந்த ‘ஈஸ்’ இஷ்டத்துக்கு மறைவதும் இல்லை. பொது ஆங்கிலத்தில் எங்கே அது சுருங்குமோ அங்கேதான் இதில் மறையும் என்று லபோவ் 1969இலேயே காட்டியிருந்தார். வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘ஈஸ்’ மறையாது. அடுத்தது, ‘ஹீ பி டயர்ட்’. இது ‘ஹீ டயர்ட்’ இல்லை. ‘ஹீ பி டயர்ட்’ என்றால், அவன் எப்போது பார்த்தாலும் களைத்தே இருப்பவன். ‘ஹீ டயர்ட்’ என்றால், இப்போது களைத்திருக்கிறான், அவ்வளவுதான். பொது ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு சொல்லைக் கூடச் சேர்க்க வேண்டும். இலக்கணமே இல்லாத பேச்சு என்று நினைத்த இடத்தில், பொது ஆங்கிலத்தை விட நுட்பமான ஓர் இலக்கணம் இருந்தது.

ஆனால் தீர்ப்பின் கூர்மையான பகுதி இலக்கணத்தில் இல்லை. ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரிகிறது என்பதை ஜாய்னர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் தடை எங்கே? பொது ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற விதத்தில், பிள்ளை தன்னைத் தாழ்வாக உணர்ந்து, படிப்பிலிருந்தே விலகிக்கொள்கிறது; தடை அங்கே இருக்கிறது என்றார். ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. பேச்சு நிபுணர், உளவியலாளர் என்று பள்ளி பல உதவிகள் செய்ததையும் குறித்துக்கொண்டார். ஆனால் பிள்ளையின் வீட்டு மொழி என்று ஒன்று இருப்பதை அறிந்து அதை வைத்து வாசிப்புச் சொல்லிக்கொடுக்க, ஆசிரியர்களுக்கு வாரியம் எந்த உதவியும் செய்யவில்லை. 1979 ஜூலை 12 அன்று தீர்ப்பு வந்தது. 30 நாளில் திட்டம் தர வேண்டும். கறுப்பின ஆங்கிலத்தில் பாடம் நடத்தச் சொல்லிப் பெற்றோரும் கேட்கவில்லை, நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகைகளில் பல அப்படித்தான் எழுதின.

ஒரு வாக்கியம், இரண்டு தவறு

இங்கே கொஞ்சம் நின்று, ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று படிக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்வோமா? எழுத்தைச் சரியாகப் பார்த்து, பொருளைச் சரியாகப் பிடித்து, தன் நாக்குப்படி சொல்கிறது. இதே சிக்கலுக்கு லபோவ் 1960களிலேயே ஒரு சோதனை வாக்கியம் வைத்திருந்தார்: ‘வென் ஐ பாஸ்ட் பை, ஐ ரெட் த போஸ்டர்ஸ்’. நான் அந்தப் பக்கம் போனபோது சுவரொட்டிகளைப் படித்தேன்.

கறுப்பின ஆங்கிலத்தில் சொல்லின் முடிவில் வரும் மெய்க்கூட்டத்தின் கடைசி மெய் உதிரும். ‘டெஸ்ட்’ என்பது ‘டெஸ்’ ஆகும். அதுபோல ‘பாஸ்ட்’ என்பதைப் பிள்ளை ‘பாஸ்’ என்று படிக்கும். பழக்கப்பட்ட ஆசிரியர் அங்கேயே நிறுத்துவார்: ‘பாஸ் இல்லை, பாஸ்ட். திரும்பச் சொல்லு.’ பிள்ளை திரும்பச் சொல்லும்போது வாக்கியம் உடைந்துவிடும். லபோவ் சொல்வது, நிறுத்தாதே, அடுத்த பாதியைக் கேள் என்பது. ஆங்கிலத்தில் ‘படி’ என்பதற்கும் ‘படித்தேன்’ என்பதற்கும் எழுத்து ஒன்றே, ஒலிதான் வேறு. பிள்ளை அதை ‘ரெட்’ என்று படித்தால், முன்னால் இருந்த இறந்தகால விகுதியைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்டது என்று பொருள். வாயில் வரவில்லை, அவ்வளவுதான், திருத்த ஒன்றுமில்லை. ‘ரீட்’ என்று படித்தால் விகுதியைக் கவனிக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியது அப்போதுதான்.

ஒரே வாக்கியம், ஒரே ‘பாஸ்’. ஒரு பிள்ளைக்கு அது உச்சரிப்பு, இன்னொரு பிள்ளைக்கு வாசிப்புப் பிழை. முதல் பாதியிலேயே குறுக்கே விழும் ஆசிரியருக்கு இந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்தறிய வழியே கிடையாது.

குறுக்கே விழுவதன் விலையும் தெரியாததல்ல. ஆன் பீஸ்ட்ரப் என்பவர் கலிபோர்னியாவின் ஓக்லாண்டு நகரில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த முதல் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து 1973இல் எழுதிய ஆய்வு இருக்கிறது. உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி நிறுத்திய ஆசிரியர்களின் வகுப்பில் பிள்ளைகள் வீட்டு வழக்கை இன்னும் அதிகமாகப் பேசினார்கள், வாசிப்பிலும் பின்தங்கினார்கள். பிள்ளைகளின் பேச்சுத் தாளத்தோடு விளையாடி, கேள்வியும் பதிலுமாகப் பாடம் நடத்திய ஆசிரியர்களின் வகுப்பில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. ஆன் ஆர்பர் தீர்ப்புக்கு ஆறு ஆண்டு முந்திய கதை இது.

அப்புறம் அந்த 20 மணி நேரம்

வாரியம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ஆகஸ்ட் மாதமே திட்டம் நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. கிங் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தக் கல்வியாண்டில் மொத்தம் 20 மணி நேரப் பயிற்சி. பேச்சு வழக்குகள் என்றால் என்ன, கறுப்பின ஆங்கிலத்தின் வரலாறும் அமைப்பும் என்ன, அதைப் பேசும் பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது, மொழி பற்றிய மனப்பான்மை பாடத்தில் எப்படிக் குறுக்கிடுகிறது என்பதெல்லாம் அதில் வந்தன.

பயிற்சி பற்றி ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். பாடப்பொருள் பற்றி எல்லோருமே நல்லவிதமாகச் சொன்னார்கள். இதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி வந்தபோது உற்சாகம் குறைந்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நேர்மையான பதில் அது. மொழி ஒரு குறை இல்லை என்று தெரிந்துகொண்ட ஆசிரியர் மறுநாள் காலை வகுப்புக்குப் போகிறார், ஒரு பிள்ளை ‘பாஸ்’ என்கிறது. இனி என்ன செய்வது? திருத்தக்கூடாது என்ற அளவுக்குத் தெரியும். திருத்தாமல் வேறு என்ன செய்வது என்று கையில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் பல ஆசிரியர்கள் செய்வது ஒன்றுதான். பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் மரியாதை என்றும் ஆகிவிடும்.

ஸ்மிதர்மனே இந்தத் திட்டத்தில் திருப்தி அடையவில்லை. ஆசிரியரின் மனப்பான்மையை மாற்றுவது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது, இந்தப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி என்பதைத் திட்டம் சொல்லவில்லை என்று 1981இல் எழுதினார். வழக்கை ஜெயிக்க வைத்தவரே இப்படி எழுதியதால் அந்த வார்த்தைக்கு எடை அதிகம்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. பல்கலைக்கழகத்து அறிவை ஆசிரியருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடாகவே இது இருந்தது. வீட்டு மொழியைப் பற்றிய பயிற்சி என்றால் அந்த வீட்டுக்காரர்கள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பிள்ளையை எந்த வகுப்பில் போடுகிறார்கள், யார் சோதித்தார்கள், எந்தச் சோதனை என்று விடாமல் கேட்டு நீதிமன்றம் வரை போன தாய்மார்கள் அவர்கள். பெற்றோர் அக்கறை காட்டுவதில்லை என்று பள்ளிகள் குறைசொல்லும் ஊரில், அக்கறை காட்டிய பெற்றோர் எதிர்த்தரப்பு வாதிகளாகத்தான் பள்ளிக்குள் வர முடிந்தது.

தீர்ப்பும் அந்த ஒரு பள்ளிக்குத்தான். மேல்முறையீடு இல்லாததால் மேல்நீதிமன்றத்தின் சொல் என்று எதுவும் உருவாகவில்லை. வேறு மாநிலத்துப் பள்ளியை அது கட்டுப்படுத்தவும் இல்லை.

பயிற்சி வேறு மாதிரி இருந்த இடங்கள்

சிகாகோ பக்கத்தில் அரோரா பல்கலைக்கழகத்தில் ஹன்னி டெய்லர் இரண்டு வகுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1989இல் அதை வெளியிட்டார். கறுப்பினக் கல்லூரி மாணவர்கள். ஒரு வகுப்பில் வழக்கம்போல் தவறு திருத்தம். இன்னொன்றில் வீட்டு வழக்கையும் பொது ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இது இங்கே, அது அங்கே என்று மாணவர்களையே வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 11 வாரத்தில் இரண்டாவது வகுப்பின் எழுத்தில் வீட்டு வழக்குக் கூறுகள் 59 சதவீதம் குறைந்தன. திருத்தல் வகுப்பில் 8.5 சதவீதம் கூடின. சிறிய ஆய்வுதான். ஆனால் ஓர் ஆசிரியர் திங்கள்கிழமை காலையில் பலகையில் எழுதிக் காட்டக்கூடிய ஒன்று அதில் இருக்கிறது. ஆன் ஆர்பர் பயிற்சியில் காணாமல் போனது அதுதான்.

கலிபோர்னியாவில் இதே வழியில் ஒரு மாநிலத் திட்டம் 1980களிலிருந்து இருந்தது. ஓக்லாண்டில் எந்த ஆசிரியரும் விரும்பினால் சேரலாம். பிரெஸ்காட் என்ற தொடக்கப் பள்ளியில் மட்டும் பெரும்பாலான ஆசிரியர்கள் சேர்ந்திருந்தார்கள், ஆண்டுக்கணக்காகச் செய்தார்கள். அந்தப் பள்ளியின் கறுப்பினப் பிள்ளைகள் ஊரின் மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளை விட நன்றாகப் படித்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1996 டிசம்பர் 18 அன்று ஓக்லாண்டு வாரியம் தன் பெயர்பெற்ற எபோனிக்ஸ் தீர்மானத்தைப் போட்டது (எபோனிக்ஸ் என்பது கறுப்பின ஆங்கிலத்துக்கு இன்னொரு பெயர்). அப்போதைய கணக்கு அப்படி இருந்தது: மாணவர்களில் 53 சதவீதம் கறுப்பினத்தவர், சிறப்புக் கல்வி வகுப்பில் 71 சதவீதம், தற்காலிகமாக நீக்கப்பட்டவர்களில் 80 சதவீதம் அவர்களே. தீர்மானத்தின் வாசகம் கோளாறாக எழுதப்பட்டிருந்தது. நாடு முழுக்கச் சிரித்தது. ஆன் ஆர்பரில் நடந்த அதே குழப்பம், கொச்சை ஆங்கிலத்தைப் பாடமாக்குகிறார்கள் என்று, இன்னும் பெரிதாக. அமெரிக்க மொழியியல் சங்கம் 1997 ஜனவரியில் தீர்மானத்தின் நோக்கத்தை ஆதரித்து அறிக்கை விட்டது. அதைப் படித்தவர்கள் குறைவு. பிரெஸ்காட்டின் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்த்த நிருபர்கள் அதை விடக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அதே ஓக்லாண்டு 2010இல் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. கிறிஸ் சாட்மன் தலைமையில் கறுப்பின ஆண் மாணவர்களுக்கென்றே பள்ளி மாவட்டத்துக்குள் ஓர் அலுவலகம். அதன் முக்கிய வேலை, இருக்கும் ஆசிரியர்களுக்குச் சில மணி நேர வகுப்பு எடுப்பதாக இல்லை. கறுப்பின ஆண்களையே ஆசிரியர்களாகக் கொண்டுவந்து, பள்ளி நேரத்திலேயே, கால அட்டவணையில் கணிதம் போல் அறிவியல் போல் ஒரு பாடமாக, உயர்நிலைப் பள்ளிக் கறுப்பின ஆண் மாணவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். சொந்த வரலாறு, தன்னை நிர்வகிப்பது, கல்லூரிக்குத் தயாராவது எல்லாம் அதில் உண்டு. கிரீன் ரோட்டுத் தாய்மார்கள் கேட்டு, நீதிமன்றம் ஒதுக்கிவைத்த பரந்த விஷயங்களுக்கு இவை நெருக்கமானவை.

தாமஸ் டீ, எமிலி பென்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை 2019இல் அளந்து வெளியிட்டார்கள். இந்த வகுப்பு இருந்த பள்ளிகளில் கறுப்பின ஆண் மாணவர்கள் படிப்பை நிறுத்துவது 43 சதவீதம் குறைந்திருந்தது. வகுப்பில் ஒருநாளும் உட்காராத கறுப்பின மாணவிகளிடமும் படிப்பை நிறுத்துவது கொஞ்சம் குறைந்திருந்தது.